கருச்சிதைவுக்குப் பிறகு இனப்பெருக்க நல உரிமைகளுக்காகப் பேச விரும்புகிறேன்: சென்னையில் எங்கிருந்து தொடங்குவது?

வடபழனிவாசி எழுதிய கேள்வி

அனைவருக்கும் வணக்கம். கர்ப்பத்தின் 19ஆவது வாரத்தில் பனிக்குடம் உடைந்து என் குழந்தையை இழந்தேன். ஓராண்டுக்கு மேலாகிவிட்டது. ஆறுதல் வேண்டி இதை எழுதவில்லை. ஆறுதல் சொல்வதற்குப் போதுமான உறவினர்கள் எனக்கு உண்டு. அன்று மருத்துவமனையிலும் பிறகு அலுவலகத்திலும் நடந்தவற்றுள் எவை எவராலும் தடுத்திருக்க முடியாதவை, எவை ஒருவர் தம் கடமையை அறிந்திருந்தால் நடந்தே இருக்காதவை என்று பிரித்துப் பார்க்கத் தொடங்கியதிலிருந்து, இதைப் பற்றி வெளியே பேச வேண்டும் என்ற எண்ணம் வலுத்துக்கொண்டே வருகிறது. யாரிடம், எப்படிப் பேசுவது என்பதுதான் தெரியவில்லை.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கருவைக் காப்பாற்ற வழியில்லை, தொற்று ஏற்படுவதற்குள் கர்ப்பப்பையைக் காலி செய்துவிடுவதே நல்லது என்று நண்பகலிலேயே மருத்துவர் சொல்லிவிட்டார். நானும் சம்மதித்தேன். ஆனால் கணவர் கையெழுத்து இல்லாமல் எதையும் தொடங்க இயலாது என்று மருத்துவமனை நிர்வாகம் மறுத்தது. என் கணவர் அன்று வேலையாகக் கோயம்புத்தூருக்குப் போயிருந்தார். உடனிருந்த என் அம்மாவின் கையெழுத்தை அவர்கள் ஏற்கவில்லை. என் கையெழுத்து ஒரு பொருட்டாகவே கருதப்படவில்லை. எங்கள் வீட்டுக் கடனில் நான்தான் முதல் கடனாளி. அந்தப் பத்திரத்தில் என் கையெழுத்து செல்லும், என் உடம்புக்குச் செல்லாது. அவர் வந்து சேர்ந்தபோது இரவாகிவிட்டது; எனக்குக் காய்ச்சல் கண்டிருந்தது.

பிறகு பிரசவ வார்டிலேயே படுக்கை கொடுத்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் பிறந்த குழந்தைகள். காலையில் வந்த ஆயாம்மா வழக்கம்போல, “என்ன குழந்தைம்மா, பையனா பொண்ணா?” என்று கேட்டுவிட்டு இனாமுக்காக நின்றார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. வீட்டுக்கு வந்தபின் மார்பில் பால் கட்டிக்கொண்டது. அப்படி நடக்கும் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரிகூட இல்லை. அலுவலகத்தில் எச்.ஆர். பிரிவினர், குழந்தை பிறந்தால்தான் மகப்பேறு விடுப்பு என்று சொல்லி, இருந்த உடல்நல விடுப்பைக் கழித்துக்கொண்டு, எஞ்சிய நாட்களுக்குச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

இவற்றில் சட்டப்படி தவறானவை எவை? எந்த அமைப்பின் பின்புலமும் இல்லாத ஒருத்தி எதில் தொடங்கலாம்? பெயரோடு பேச வேண்டுமா? நாத்தனாருக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதால் மாமியார் இதை வெளியே சொல்லவே கூடாது என்கிறார். அயர்லாந்திலும் அமெரிக்காவிலும் இத்தகைய இழப்புக்குப் பின் பெண்கள் நீதிமன்றம் சென்றதையும் தெருவில் இறங்கியதையும் பற்றி நிறையப் படிக்கிறேன். அது இங்கே எப்படிப் பொருந்தும் என்று விளங்கவில்லை.

சட்டப்படி எழுதிய பதில்

நான் தொழிலாளர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் என்பதால் விடுப்பிலிருந்து தொடங்குகிறேன்.

1961ஆம் ஆண்டின் மகப்பேறு பயன்கள் சட்டத்தின் 9ஆவது பிரிவு, கருச்சிதைவுக்கோ மருத்துவ முறையிலான கருக்கலைப்புக்கோ உள்ளான பெண்ணுக்கு அந்த நாளை அடுத்து ஆறு வாரம் முழுச் சம்பளத்துடன் விடுப்பு தர வேண்டும் என்கிறது. மருத்துவரின் சான்று போதும். 26ஆவது வாரம் முடிவதற்குள் நேரும் கருச்சிதைவு இதில் அடங்கும். ஆகவே உங்கள் 19ஆவது வாரத்தைப் பற்றி எந்த ஐயத்துக்கும் இடமில்லை. கருச்சிதைவால் உடல்நலம் குன்றினால் இன்னும் ஒரு மாதம் கேட்கலாம். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் கடைக்கும் அலுவலகத்துக்கும் இந்தச் சட்டம் பொருந்தும், மென்பொருள் நிறுவனங்கள் உட்பட. பலருக்குத் தெரியாத இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: அந்தச் சட்டத்தில் ‘குழந்தை’ என்பது இறந்தே பிறந்த குழந்தையையும் உள்ளடக்கும். 26 வாரத்தைக் கடந்தபின் குழந்தை இறந்து பிறந்தால் அது பிரசவம். தாய்க்கு உரியது முழு மகப்பேறு விடுப்பு. குழந்தை உயிரோடு இருந்தால்தான் விடுப்பு என்று சொல்லும் எச்.ஆர். அதிகாரிகளை நான் அடிக்கடி சந்திக்கிறேன். சட்டத்தைப் படிக்காமல் தம் ஊகத்தையே சட்டமாக்கிக்கொள்ளும் துணிச்சல் அந்தத் துறையில் சற்று அதிகம்தான்.

2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்தப் பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது. ஆறு வார விடுப்பு அதிலும் அப்படியே இருக்கிறது. உங்கள் இழப்பு எந்தத் தேதியில் நேர்ந்ததோ, அந்தத் தேதியில் நடப்பில் இருந்த சட்டத்தைக் குறிப்பிட்டு நிறுவனத்துக்கு எழுத்துமூலம் கடிதம் அனுப்புங்கள். அதற்குப் பதில் இல்லையென்றால் தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் முறையிடலாம்.

கையெழுத்து விவகாரத்திலும் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தின்படி, 18 வயது நிறைந்த, மனநோய் இல்லாத பெண்ணின் சம்மதம் மட்டுமே தேவை. கணவரோ பெற்றோரோ மாமியாரோ அதில் வரவே மாட்டார்கள். தாய்மை குறித்து முடிவெடுப்பது, அரசமைப்பின் 21ஆவது உறுப்பு தரும் தனிமனிதச் சுதந்திரத்தின் ஒரு பகுதி என்று சுசிதா ஸ்ரீவஸ்தவா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009இல் கூறிவிட்டது. 2022 செப்டம்பர் 29 அன்று வந்த தீர்ப்பு, 20 முதல் 24 வாரம் வரையிலான கருக்கலைப்பில் மணமான பெண், மணமாகாத பெண் என்ற வேறுபாட்டை நீக்கியது. நம் மாநிலத்திலிருந்தே சென்ற வழக்கு ஒன்றும் உண்டு: உமாதேவி என்ற அரசுப் பள்ளி ஆசிரியைக்குத் தமிழ்நாடு அரசு மகப்பேறு விடுப்பை மறுத்தபோது, அந்த விடுப்பு இனப்பெருக்க உரிமைகளின் ஓர் அங்கம் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

மருத்துவமனை மீது நடவடிக்கை எடுக்க எண்ணினால் காலத்தைக் கவனியுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடர இரண்டு ஆண்டுதான் வரம்பு; உங்களுக்கு ஓராண்டுக்கு மேல் கழிந்துவிட்டது. முதல் வேலையாக உங்கள் மருத்துவ ஆவணங்கள் அனைத்தின் நகலையும் எழுத்துமூலம் கேளுங்கள். நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதி. நீங்கள் வழக்குத் தொடராமல் போனாலும் அந்த நகல்கள் உங்கள் கையில் இருக்க வேண்டியவை.

இரவுப்பணி எழுதிய பதில்

மேலே வழக்கறிஞர் எழுதிய சட்டம் சரி. நான் மகப்பேறு மருத்துவர். பல ஆண்டுகள் அரசு மருத்துவமனையில் இருந்துவிட்டு இப்போது தனியாரில் பணிபுரிகிறேன். மருத்துவமனைகள் ஏன் கணவர் கையெழுத்தைக் கேட்கின்றன என்பதை உள்ளிருந்து சொல்வது உங்களுக்குப் பயன்படலாம். நியாயப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை.

கருக்கலைப்பு விதிகளில் பெண்ணின் சம்மதத்துக்கென்று படிவம் ‘சி’ இருக்கிறது. அதில் மணமான பெண்ணின் கணவர் கையெழுத்திட ஒரு கோடுகூடக் கிடையாது. ஆனால் மருத்துவமனைகள் அந்தப் படிவத்தோடு தங்கள் சொந்தப் படிவம் ஒன்றையும் சேர்த்து வைக்கின்றன. அறுவை சிகிச்சை அனைத்துக்கும் பொதுவாக அச்சடித்த, ‘கணவர் / பாதுகாவலர்’ என்று கீழே எழுதிய தாள் அது. காரணம் அச்சம். பின்னாளில் கணவர் வீட்டார் பத்துப் பேர் திரண்டு வந்து, எங்களைக் கேட்காமல் எப்படிச் செய்தீர்கள் என்று வரவேற்பறைக் கண்ணாடியை உடைத்தால் என்ன செய்வது என்ற அச்சம். மருத்துவமனைத் தாக்குதலைத் தடுக்க 2008இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்த மாநிலம் இது. இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவருக்குப் படிவம் ‘சி’யைவிட அந்தக் கண்ணாடிதான் கண்ணில் நிற்கும். உங்கள் மருத்துவர் நண்பகலிலேயே சரியான முடிவைச் சொல்லியிருக்கிறார் என்பதையும், நிர்வாகத்தை மீறி அவரால் செயல்பட முடியவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நீங்கள் பேச வேண்டியவர் மருத்துவரைவிட மருத்துவமனையின் நிர்வாகியும், அந்தப் பொதுப் படிவத்தை வடிவமைத்தவரும்தான்.

மருத்துவ ரீதியாகவும் இதன் கனத்தை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். பனிக்குடம் உடைந்தபின் கருப்பைக்குள் தொற்று பரவச் சில மணி நேரமே போதுமானதாக இருக்கலாம். அது இரத்தத்தில் கலந்தால் தாயின் உயிருக்கே ஆபத்து. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும் என்பதும், தாயின் உயிரைக் காக்க உடனடியாகச் செய்ய வேண்டியிருந்தால் வார வரம்பே பொருந்தாது என்பதும் சட்டத்திலேயே இருக்கின்றன. காய்ச்சல் வரும்வரை காத்திருந்தது ஏதோ நடைமுறைத் தாமதம் என்று யாரேனும் சொன்னால் ஏற்காதீர்கள்.

வழக்கறிஞர் ஆவணங்களைப் பற்றிச் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஆவணங்களை வழக்குக்காக மட்டும் வாங்காதீர்கள். கர்ப்பப்பை வாய் வலுவிழந்திருந்ததா, தொற்று முன்பே இருந்ததா என்ற குறிப்பு அதில் இருந்தால், அடுத்த கர்ப்பத்தில் கர்ப்பப்பை வாயின் நீளத்தை ஸ்கேனில் அளந்து பார்க்கவும், தேவையானால் தையல் போடவும் அது உதவும். அடுத்த கர்ப்பம் வேண்டும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களிடம் அதை வேறு பலர் போதுமான அளவு சொல்லியிருப்பார்கள்.

நீங்கள் பேசத் தொடங்கினால் உங்களைத் தேடி வருபவர்களில் பெரும்பாலோர் முதல் மூன்று மாதத்தில் கருவை இழந்தவர்களாக இருப்பார்கள். அறியப்பட்ட கர்ப்பங்களில் ஏறத்தாழ ஏழில் ஒன்று இப்படிக் கலைகிறது. அவற்றில் சுமார் பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம் கோளாறு. பப்பாளி தின்றதாலும் ஸ்கூட்டரில் போனதாலும் கலைந்தது என்று வீட்டில் தீர்ப்பு எழுதப்பட்ட பெண்களுக்கு இந்த ஒரு செய்தி எவ்வளவு பெரியது என்பதை என் அறையில் தினமும் பார்க்கிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டை எழுதிய பதில்

வணக்கம் அம்மா. நான் அரசு மகப்பேறு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். வார்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எழும்பூர் தாய்சேய் நல மருத்துவமனை, திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி, இராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். போன்ற இடங்களில் இடநெருக்கடி எப்படி இருக்கும் என்பது சென்னையில் பிள்ளை பெற்ற எவருக்கும் தெரியும். கருவை இழந்தவர்களுக்குத் தனி அறை வேண்டும் என்று அங்கே போய்க் கேட்டால், பிரசவித்தவளுக்கே கட்டில் போதவில்லை என்ற பதில்தான் கிடைக்கும். அந்தப் பதில் பொய்யும் அல்ல. ஆனால் தனி அறை இல்லாமலே செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. நான் வார்டு பொறுப்பில் இருந்தபோது, குழந்தையை இழந்த தாயை வரிசையின் கடைசிக் கட்டிலுக்கு மாற்றிவிட்டு, கேஸ் ஷீட்டின் மேல் மூலையில் நீல மையால் ஒரு வட்டம் போட்டு வைப்பேன். துப்புரவுப் பணியாளர், ஊசி போட வரும் மாணவி, சாப்பாடு கொண்டு வருபவர் எல்லாருக்கும் அந்த வட்டத்தின் பொருளைச் சொல்லி வைத்திருந்தேன். யாரும் அந்தக் கட்டிலருகே போய் என்ன குழந்தை என்று கேட்க மாட்டார்கள். இதற்கு அரசாணையும் வேண்டாம், நிதியும் வேண்டாம். அடுத்து வந்த பொறுப்புச் செவிலியர் அதைத் தொடர்ந்தாரா என்றால், தொடரவில்லை. தனி ஒருவரின் பழக்கமாக இருக்கும் எதுவும் அவரோடு இடமாற்றலாகிப் போய்விடும். விதியாக எழுதி வைத்தால்தான் நிற்கும். உங்களைப் போன்றவர்கள் கேட்க வேண்டியது அதைத்தான்.

பால் கட்டுவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நான்காம் ஐந்தாம் மாதத்தில் இழந்தவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் பால் சுரக்கும். சுரப்பை நிறுத்த மாத்திரை உண்டு. இறுக்கமான உள்ளாடை, குளிர்ந்த ஒத்தடம், வலிமாத்திரை என்று எளிய வழிகளும் உண்டு. பிழிந்து எடுக்கக் கூடாது, எடுத்தால் இன்னும் சுரக்கும். டிஸ்சார்ஜ் தாளில் இதை எழுத இரண்டு வரி போதும். அதே தாளில், தாயின் இரத்தப் பிரிவு நெகட்டிவ் என்றால் ஆன்டி டி ஊசி 72 மணி நேரத்துக்குள் போடப்பட்டதா என்பதும், எவ்வளவு உதிரப்போக்கு இருந்தால் உடனே திரும்பி வர வேண்டும் என்பதும் தமிழில் இருக்க வேண்டும். தூக்கமில்லாமலும் அழுகை நிற்காமலும் இருப்பவர்களுக்கு 14416 என்ற மனநல உதவி எண்ணைச் சொல்ல வேண்டும்.

நம்மூரில் இப்படியான மாற்றம் வராது என்று எண்ணிவிடாதீர்கள். பிரசவ அறையில் தாயோடு ஒரு பெண் துணை இருக்கலாம் என்ற ஏற்பாட்டை 2004இலேயே தமிழ்நாடு கொண்டு வந்தது. அதற்கு முன்பு, வலியில் துடிக்கும் பெண்ணின் தாயைக் கதவுக்கு வெளியே நிறுத்துவதுதான் ஒழுங்கு என்று நாங்களே நம்பிக்கொண்டிருந்தோம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: செவிலியரை எதிரில் நிறுத்திப் பேசாதீர்கள். வார்டில் உங்கள் பேச்சு நிலைக்க வேண்டுமானால் அதை நிலைக்க வைக்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.

அம்பத்தூர் பேருந்து எழுதிய பதில்

நானும் கருவை இழந்தவள். அதன்பின் சில ஆண்டுகளாக, பெரும்பாலும் அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பகுதியில் ஏற்றுமதித் தையல் நிறுவனங்களில் வேலை செய்யும் பெண்களோடு இந்த விஷயத்தில் வேலை செய்கிறேன். உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதைச் சார்ந்துதான் இருக்கிறது.

கர்நாடகத்தைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர் 2012 அக்டோபரில் அயர்லாந்தின் கால்வே நகர மருத்துவமனையில் இறந்தார். 17 வாரக் கர்ப்பம். கரு தங்காது என்று தெரிந்த பின்னும், அதன் இதயத் துடிப்பு நிற்காததால் கருக்கலைப்பு மறுக்கப்பட்டது. தொற்று இரத்தத்தில் பரவி உயிரைக் கொண்டுபோயிற்று. உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு அவர் நினைவுதான் வந்தது. அங்கே தடையாக நின்றது அந்நாட்டு அரசமைப்பே. ஆகவே அங்குள்ள பெண்கள் அரசமைப்பை மாற்றப் போராடினார்கள். 2018 மே 25 அன்று பொதுவாக்கெடுப்பில் மாற்றியும் காட்டினார்கள். அமெரிக்காவில் 2022இல் உச்ச நீதிமன்றமே கருக்கலைப்புக்கான பழைய உரிமையைப் பறித்துவிட்டதால், அங்கே சண்டை மாநிலச் சட்டமன்றங்களிலும் நீதிமன்றங்களிலும் நடக்கிறது. இங்கே அப்படியல்ல. உங்களுக்கு மறுக்கப்பட்டவற்றில் முக்கியமான இரண்டும், அதாவது உங்கள் கையெழுத்தும் ஆறு வார விடுப்பும், 1971ஆம் ஆண்டிலிருந்தும் 1961ஆம் ஆண்டிலிருந்தும் சட்டப் புத்தகத்தில் இருக்கின்றன. ஆக, சட்டத்தை வாங்கித் தருவது நம் வேலையல்ல. வாங்கி வைத்த சட்டத்தை வரவேற்பு மேசைக்கும் எச்.ஆர். மேசைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை. இது கூட்டம் திரட்டும் வேலை அல்ல, கைதட்டலும் கிடைக்காது. நாளிதழுக்கும் இதில் தலைப்பு கிடைப்பதில்லை.

கையில் பிடிப்பதற்கு ஒன்று சொல்கிறேன். மகப்பேறு சட்டத்தின் சுருக்கத்தை, பெண்கள் வேலை செய்யும் ஒவ்வொரு பகுதியிலும், அந்த வட்டார மொழியில், கண்ணில் படும் இடத்தில் ஒட்டி வைக்க வேண்டும் என்று 1961ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. 2017 திருத்தம், வேலையில் சேரும்போதே ஒவ்வொரு பெண்ணுக்கும் இந்தப் பயன்களை எழுத்திலும் மின்னஞ்சலிலும் தெரிவிக்க வேண்டும் என்று சேர்த்தது. உங்கள் பணிநியமனக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். கருச்சிதைவு விடுப்பைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது என்று நான் பந்தயம் கட்டத் தயார். தையல் நிறுவனங்களில் நாங்கள் அந்தச் சுருக்கத்தைத் தேடியபோது, சில இடங்களில் அது ஆங்கிலத்தில், சட்டகமிட்டு, மேலாளர் அறையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு நிறுவனத்தில் அதைத் தமிழில் அச்சிட்டுப் பெண்கள் கழிவறைக்கு வெளியே, கைகழுவும் இடத்தில் ஒட்ட வைத்தோம். அடுத்த வாரமே இருவர் வந்து, தங்களுக்கு இது உண்டா என்று கேட்டார்கள். ஒருத்தி கரு கலைந்த மூன்றாம் நாளே தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தவள். மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் அவர்களைப் போன்றோருக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தின் மூலமே அந்த ஆறு வாரப் பணம் கிடைக்கும், முதலாளியின் பையிலிருந்து போகாது. அப்படியிருந்தும் விடுப்பு எடுத்தால் வேலை போய்விடும் என்று மேற்பார்வையாளர் சொன்னதை அவர்கள் நம்பினார்கள். வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு இந்த விடுப்பும் இல்லை. அவர்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இந்தப் பதில் முடியாது, அதைத் தனியே ஒருநாள் எழுத வேண்டும்.

பெயரோடு பேசுவதா என்று கேட்டிருந்தீர்கள். பேசலாம், ஆனால் எதைச் சொல்ல மாட்டீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். தொலைக்காட்சி விவாதத்துக்கு அழைப்பவர்கள் உங்களிடம் கோரிக்கையைக் கேட்க மாட்டார்கள். குழந்தைக்குப் பெயர் வைத்திருந்தீர்களா என்று கேட்பார்கள். பதில் சொல்லும்போது குரல் உடைந்தால் அந்தத் துண்டை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் மாமியாரைப் பிற்போக்கு என்று நான் சொல்ல மாட்டேன். வரன் பேசும் வீட்டின் கவலை அவருக்கு. ஆனால் அவருடைய கவலை உங்கள் பெயரைப் பற்றியது மட்டுமே. கடிதம் எழுதவும், படிவத்தை மாற்றச் சொல்லவும், எச்.ஆர். பிரிவிடம் சட்டப் பிரிவைக் காட்டவும் உங்கள் கதை தேவையே இல்லை, பிரிவு எண் போதும். கருக்கலைப்புக்கு உள்ளான பெண்ணின் பெயரையும் விவரங்களையும் மருத்துவமனை வெளியிடுவதே குற்றம் என்று 2021 திருத்தம் சொல்கிறது. அந்த மறைவு உங்களுக்கு உரியது. அதை எப்போது விலக்குவது என்பதும் உங்கள் விருப்பம்.

வழக்கறிஞர் சொன்ன நுகர்வோர் வழக்கையும் இதையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம். மருத்துவமனைகள் பணம் கொடுத்துச் சமரசம் பேசும்போது, வெளியே பேசக் கூடாது என்ற நிபந்தனையையும் சேர்ப்பது வழக்கம். இழப்பீடு பெறுவதில் எந்தக் குறையும் இல்லை, எனக்குத் தெரிந்த பலர் பெற்றிருக்கிறார்கள். ஆனால் உங்களுக்கு எது வேண்டும் என்று தெளிந்த பின்பு கையெழுத்திடுங்கள்.

வடபழனிவாசி எழுதியது

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு விரிவான பதில்களை எதிர்பார்க்கவில்லை. பணிநியமனக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். அம்பத்தூர் தோழி பந்தயத்தில் வென்றுவிட்டார். 26 வார மகப்பேறு விடுப்பைப் பெருமையாகக் குறிப்பிட்டிருக்கிறார்கள், கருச்சிதைவு பற்றி எதுவும் இல்லை. மருத்துவமனைக்கு ஆவணங்கள் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பிவிட்டேன். என் அலுவலகத்துக்கு இரண்டு கோரிக்கைகளோடு எழுதப் போகிறேன்: பிடித்த சம்பளத்தைத் திருப்பித் தர வேண்டும், எல்லாருக்கும் போகும் விடுப்பு விதிகளில் ஆறு வாரத்தைச் சேர்க்க வேண்டும். முதலாவது கிடைக்காவிட்டாலும் இரண்டாவதை விடுவதாக இல்லை. வழக்கைப் பற்றி ஆவணங்கள் வந்தபின் முடிவு செய்வேன்.

செவிலியர் அம்மாவிடம் ஒரு கேள்வி. நீங்கள் சொன்ன டிஸ்சார்ஜ் குறிப்புகளையும், கையெழுத்து பற்றிய சட்டத்தையும் ஒரே தாளில் தமிழில் எழுதி, எங்கள் பகுதி மாநகராட்சி நல மையத்தில் வைக்கச் சொல்லிக் கேட்கலாமா? யாரை அணுக வேண்டும்?

பழைய வண்ணாரப்பேட்டை எழுதிய பதில்

நிச்சயமாகக் கேட்கலாம். நல மையத்தின் மருத்துவ அலுவலரைப் புறநோயாளிகள் கூட்டம் குறைந்த பிற்பகலில் போய்ப் பாருங்கள். காலையில் போனால் உங்களை உட்காரச் சொல்லக்கூட அவருக்கு நேரமிருக்காது. வாய்மொழியாகக் கேட்காமல் ஒரு பக்க விண்ணப்பத்தோடு தாளின் மாதிரியையும் இணைத்துக் கொடுங்கள், கொடுத்ததற்குத் தேதியுடன் ஒப்புகை வாங்குங்கள். அவரால் முடிவெடுக்க முடியாது என்றால் மேலே அனுப்புவார். அனுப்பினாரா என்று இரண்டு வாரம் கழித்துக் கேளுங்கள்.

தாளை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். உடல்நலக் குறிப்பையும் கையெழுத்துச் சட்டத்தையும் ஒன்றாக வைத்தால், சட்டத்தைப் பார்த்துப் பயந்து இரண்டையுமே ஒதுக்கிவிடுவார்கள். முதலில் உடல்நலத் தாள் உள்ளே போகட்டும். எழுத்து பெரிதாக இருக்கட்டும், ஆன்டி டி ஊசியையும் உதிரப்போக்கையும் மேலே வையுங்கள், பால் கட்டுவது அடுத்தது, 14416 கீழே. உங்களுக்குச் சிகிச்சை தந்த மருத்துவமனையின் பெயர் எங்கும் வர வேண்டாம். எழுதியதும் இங்கே போடுங்கள்; மருந்து பற்றிய வரிகளை இரவுப்பணி ஐயா ஒருமுறை பார்த்துச் சரிசெய்து கொடுத்தால் அச்சுக்குப் போகலாம்.